எடைமேடையில் ஏறும் தண்ணீர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, அன்று சாயந்திரமே லாரியில் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டு போகிறார்கள். எடை 10 டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 4 டன் வெறும் தண்ணீர். கட்டையைத் தொட்டால் கை நனையாது, வெட்டிய முகத்தில் சொட்டுக்கூட விழாது. இருந்தும் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு நீர்தான். அதே விறகை வெட்டிய இடத்திலேயே அடுக்கி, ஒரு கோடை வெயிலைக் காட்டி, ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு ஏற்றினால் எடைமேடை ஏழரை டன் காட்டும். மரத்தில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. வியாபாரியின் கைக்கு வரும் பணம் மட்டும் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

காய்ந்த விறகு நல்லது என்பதை அடுப்படியில் நின்ற யாருக்கும் ஒரு புத்தகம் வந்து சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தும் ஏன் செங்கல் சூளைக்கும் கொதிகலனுக்கும் ஈர விறகே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பாதி விடை மரத்தின் உடற்கூற்றில் இருக்கிறது. மீதிப் பாதி கணக்கு நோட்டில்.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு விதமாகத் தங்குகிறது. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றும் குழல்களிலும் செல்களின் உள்வெளியிலும் திரவமாகவே நிற்பது ஒன்று. செல்களின் சுவருக்குள், செல்லுலோஸ் இழைகளோடு மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. துவைத்த வேட்டியை முறுக்கிப் பிழிந்தால் கொட்டுகிற தண்ணீர் முதல் வகை. எவ்வளவு பிழிந்தாலும் நூலில் ஈரமாகவே நிற்பது இரண்டாவது வகை. மரம் காயும்போது குழல்நீர்தான் முதலில் போகும். அது முழுக்கப் போய், சுவர்கள் மட்டும் நீர் குடித்து நிற்கும் நிலையில் ஈரம் சுமார் 23 சதவீதம். இந்த எல்லைக்கு மேலே எவ்வளவு நீர் போனாலும் கட்டையின் உருவம் மாறாது. எல்லையைத் தாண்டிச் சுவர்நீர் போகத் தொடங்கியதும் கட்டை சுருங்கும். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டும் ஒத்துப்போகாததால் கட்டையின் முனை வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் எப்போதும் நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கி ஓடுவதற்குக் காரணம் இதுவே. விறகு வாங்கப் போகிறவர் முதலில் முனையைப் பார்ப்பார், பிறகு இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்தது கணீர் என்னும். ஈரமானது தொப்பென்று அடங்கிவிடும். எந்தக் கருவியும் இல்லாமல் அந்த 23 சதவீத எல்லையைக் கண்டுபிடிக்கும் வழி இது.

கருவி வேண்டுமென்றாலும் இருக்கிறது. இரண்டு ஊசி வைத்த ஈரமானியை மரத்தில் குத்தினால், ஊசிகளுக்கு இடையிலான மின்தடையை அளந்து ஒரு எண்ணைக் காட்டும். சுவர்நீர் எல்லைக்கு மேலே அந்த எண்ணை நம்ப முடியாது. தவிர, கட்டையின் வெளிப்பரப்பில் குத்தி அளந்தால் காய்ந்த தோலைத்தான் அளக்கிறோம். பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்தில் குத்த வேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. 1 கிலோ கட்டையில் 400 கிராம் நீர், 600 கிராம் மரம் என்றால், எரிபொருள் வாங்குகிறவர் மொத்த எடையை வைத்து 40 சதவீதம் ஈரம் என்பார். பலகை வியாபாரமும் மரவியல் ஆய்வகமும் 400-ஐ 600-ஆல் வகுத்து 67 சதவீதம் என்பார்கள். இரண்டும் சரியே. கடையில் கிடைக்கும் ஈரமானி பெரும்பாலும் இரண்டாவது கணக்கில் பேசும். எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளாமல் பேரம் பேசுகிறவர்கள் நிறைய. இந்த அத்தியாயத்தில் எல்லாமே முதல் கணக்கு.

ஒரு மரம் எவ்வளவு நீர் பிடிக்கும் என்பதை அதன் அடர்த்தியே தீர்மானிக்கிறது. எந்த மரமானாலும் செல்சுவர்ப் பொருளின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், நீரைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு லிட்டர் கன அளவுள்ள கட்டையில் 800 கிராம் மரப்பொருள் இருந்தால் அது அரை லிட்டருக்குச் சற்று அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். மிச்சம் 470 மில்லிக்குத்தான் நீருக்கு இடம். ஆக, அப்படிப்பட்ட கட்டை தொண்டை வரை குடித்தாலும் ஈரம் 37 சதவீதத்தைத் தாண்டாது. முருங்கை, இலவு மாதிரி லிட்டருக்கு 300 கிராம் மட்டுமே தேறும் நொய்மரத்தில் 800 மில்லி நீர் ஏறும். அங்கே ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் போக வாய்ப்பிருக்கிறது. முருங்கைக் கட்டையை அடுப்புக்கு யாரும் மதிப்பதில்லை. சவுக்கோ பச்சையாகவே எரியும் என்று பெயர் எடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைக்கும் நீராவி ரயில் எஞ்சின்களுக்கும் விறகு தேவைப்பட்டபோது கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளை வளர்த்தார்கள். மணலில் வளரும், சீக்கிரம் வளரும் என்பதோடு, அதன் கனமும் அந்தத் தேர்வுக்குத் துணை நின்றது. சீமைக்கருவேலமும் கனமரக் கூட்டம்தான். 1870களில் சென்னை மாகாணத்துக்குள் வந்த இந்த அமெரிக்க மரம் இன்று தென்மாவட்டக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்பதும், 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னதும் வேறொரு கதை. விறகைப் பொறுத்தவரை, வெட்ட வெட்டத் தூரிலிருந்து தழைக்கும், நீர் அதிகம் பிடிக்காத, தீ நின்று எரியும் மரம். அதன் மேல் இருக்கும் கோபத்தில் இதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, உள்ளே போன நீர் எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்போம். உயிரோடு இருந்தபோது நீர் மேலேறிய அதே குழல்களின் வழியாகத்தான் இப்போதும் அது சுலபமாக நகரும். நார்ப்போக்கில் நகரும் வேகம், நாருக்குக் குறுக்கே நகர்வதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு. ஆகவே விறகு முதன்மையாகத் தன் இரண்டு முனைகளின் வழியே காய்கிறது. ஆள் நீளக் கட்டையை மூன்றாக நறுக்கினால் முனைகள் இரண்டிலிருந்து ஆறாகும். பட்டையோ நீரை உள்ளேயே நிறுத்துவதற்கென்று மரம் உண்டாக்கிக்கொண்ட தோல். ஆப்பு வைத்துச் சம்மட்டியால் ஒருமுறை பிளந்துவிட்டால் அந்தத் தோல் திறந்துகொள்ளும். அதோடு கனமும் பாதியாகும். கனம் முக்கியம், ஏனென்றால் கனம் இரட்டித்தால் காயும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். விரல் பருமன் மிலார் பங்குனி வெயிலில் ஒரு வாரத்தில் சுள்ளென்று முறியும். மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஆகும். பிளக்காத அடிமரம் ஒரு கோடை முழுக்கக் கிடந்தும் நடுவில் ஈரமாகவே இருக்கும். மரத்தை வெட்டியதும் கிளையைக் கழிக்காமல் இலையோடு இரண்டு வாரம் போட்டுவைக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. வேர் இல்லாமல் போனாலும் இலைகள் உடனே செத்துவிடுவதில்லை. வாடும் வரை அவை தண்டிலிருந்து நீரை இழுத்து ஆவியாக்கிக்கொண்டே இருக்கும்.

வெயில்தான் விறகைக் காய வைக்கிறது என்று நினைக்கிறோம், காற்றுக்கும் அதில் சம பங்கு உண்டு. ஆவியானதை அள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும். நெருக்கமாகக் குவித்த விறகின் நடுவே காற்று நீராவியால் நிறைந்து அசையாமல் நிற்கும். வெளிக்கட்டை காய்ந்து நரைத்துப் போயிருக்க, உள்கட்டையில் பூஞ்சை வெளுப்பாகப் படர்ந்திருக்கும். இரண்டு கட்டையைக் கீழே படுக்கப் போட்டு, அதன் மேல் இடைவெளி விட்டு, காற்றுவாக்குக்கு முகம் காட்டி அடுக்குவது பழைய முறை. தெற்கத்தி மாவட்டங்களில் ஆடிக் காற்று இந்த வேலையைச் சித்திரை வெயிலைவிட நன்றாகச் செய்கிறது என்பது என் கட்சி. மேலே மட்டும் மூடினால் போதும். நாலு பக்கமும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டுகிறவர் விறகை வேக வைக்கிறார். மழை நனைத்தால் பதற வேண்டாம், காய்ந்த கட்டையில் மழைநீர் மேல்தோலோடு நின்றுவிடும், இரண்டு நாள் காற்றில் போய்விடும். மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடப்பதுதான் கெடுதல். ஈரமும் கரையானும் கீழிருந்து வரும். நன்றாகக் காய்ந்த கட்டையை மக்க வைக்கும் பூஞ்சை தொடாது, ஆனால் உளு விடாது. வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்காக அது துளைத்து மாவாகக் கொட்டும். அதனால்தான் விறகை இரண்டு மூன்று வருஷம் சேர்த்து வைப்பதில் லாபமில்லை.

எவ்வளவு நாள் காய வைத்தாலும் விறகு முழுக்கக் காயாது. காற்றில் இருக்கும் ஈரத்தோடு சமநிலைக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள கடலோரத்தில் விறகின் ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஐப்பசி அடைமழையில் காற்று 90 சதவீதத்தைத் தொடும்போது, கூரைக்குள் நனையாமல் இருக்கும் விறகுகூட நாள்பட நாள்பட 17-ஐ நோக்கி ஏறும். உள்மாவட்டத்துக் கோடையில் 7 வரை இறங்கும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் விறகு அடுக்கியதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினாலே போதும், ஒரு துளி நீரும் நீங்காமல் அதன் ஈரப்பதம் 46-க்கு விழுந்துவிடும். அந்தக் காற்றில் விறகின் சமநிலை 8 சதவீதம். வெளியே அடைமழை கொட்டும்போதும் பரணில் கோடைதான்.

அடுப்புக்குள் நடக்கும் களவு

இப்போது ஒரு கணக்கு. அந்த 10 டன் பச்சை விறகில் மரப்பொருள் 6 டன். முற்றும் காய்ந்த மரம் எந்த இனமானாலும் கிலோவுக்குச் சுமார் 4,400 கிலோ கலோரி தரும். கனமரத்துக்கும் நொய்மரத்துக்கும் எடைக்கு எடை பெரிய வித்தியாசம் இல்லை. ஆக மொத்தச் சூடு 2 கோடியே 64 லட்சம் கிலோ கலோரி. இதிலிருந்து 4 டன் நீரை ஆவியாக்கும் செலவைக் கழிக்க வேண்டும். கிலோவுக்கு 585 கிலோ கலோரி வீதம் 23 லட்சம் போகிறது. மிச்சம் 2 கோடியே 41 லட்சம். ஏழரை டன்னாகக் காய்ந்த பிறகு அதில் நீர் ஒன்றரை டன்தான், ஆவியாக்கும் செலவு 9 லட்சத்துக்கும் கீழே. மிச்சம் 2 கோடியே 55 லட்சம்.

வித்தியாசம் 6 சதவீதம். அவ்வளவுதான்! ஒரு கோடை முழுக்கக் காத்திருந்து, அடுக்கி, மூடி, கரையான் பார்த்து, கடைசியில் கிடைக்கும் சூடு நூற்றுக்கு ஆறு கூடுதல். இந்தக் கணக்கைக் காட்டி, காய வைப்பது வீண் வேலை என்று வாதாடலாம். கணக்கில் பிழையும் இல்லை. ஆனால் சமைக்கிறவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஈர விறகில் ஒரு பானை உலை கொதிக்கும் நேரத்தில் காய்ந்த விறகில் சோறே வெந்துவிடும். எங்கே போகிறது மிச்சச் சூடு?

புகையாகப் போகிறது. மரம் நேரடியாக எரிவதில்லை. 200 டிகிரியைத் தாண்டியதும் அது சிதையத் தொடங்கும், 300-ஐ நெருங்கும்போது வேகமாகச் சிதையும். அதன் உலர்எடையில் முக்கால் பங்குக்கு மேல் எரியும் வாயுவாகவும் தார் ஆவியாகவும் கட்டையை விட்டு வெளியேறும். சுடர் என்று நாம் பார்ப்பது கட்டைக்கு வெளியே எரியும் இந்த வாயுவை. கட்டையாக நின்று கனன்று எரிவது கடைசியில் மிஞ்சும் கரி மட்டும். வாயு முழுக்க எரிய அதற்குக் காற்று வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக 600 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும். ஈரக் கட்டையில் நடப்பது வேறு. உள்ளே திரவ நீர் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. வெளித்தோல் சிதைந்து வாயு வருகிறது. கூடவே உள்ளிருந்து நீராவியும் வந்து அதை நீர்க்கச் செய்து குளிர்விக்கிறது. முனையில் நுரை பொங்கிச் சீறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது குழல்நீர் கொதித்து, மரச்சாற்றோடு சேர்ந்து வெளியே தள்ளப்படுவது. இந்தக் குளிர்ச்சியில் வாயு தீப்பிடிக்கும் வெப்பத்தை எட்டாமலே கூரைக்குப் போய்விடும். வழியில் அது நுண்துளிகளாக உறையும்போதுதான் புகை. கண்ணைக் கரிக்க வைப்பது அதிலுள்ள ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள், அடுக்களைச் சுவரில் கறுப்பாகப் பளபளப்பது அதன் தார். நீர் தானே தின்னும் சூடு சொற்பம். எரிந்திருக்க வேண்டிய எரிபொருளை எரியவிடாமல் வெளியே துரத்துவதில்தான் பெருநஷ்டம். இந்த நஷ்டம் அடுப்புக்கு அடுப்பு மாறும் என்பதால் மேலே போட்ட கணக்கில் அது ஏறவே இல்லை.

புகையைச் சுவாசிக்கும் நுரையீரலின் கணக்கும் தனி. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஈர விறகில் பல மடங்கு அதிகம். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கன மீட்டருக்குக் குறைவாகச் சில்லறையில் விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அதற்காக எலும்பாகக் காய வைப்பதும் நல்லதில்லை. மிக உலர்ந்த மெல்லிய சிராயில் வாயு ஒரேயடியாகக் கிளம்பும், வரும் காற்று அதற்குப் போதாது, கரும்புகை கக்கும். வீட்டடுப்புக்கு 12 முதல் 20 வரை சுகம்.

சில்லுக் குவியலின் காய்ச்சல்

மின் நிலையக் கொதிகலனுக்குக் கட்டையாகப் போட்டால் ஒத்துவராது. எரிபொருள் நகரும் பட்டையில் ஏறி, புனலில் இறங்கி, தட்டில் சீராகப் பரவ வேண்டும். அதற்காக மரத்தைத் தீப்பெட்டி அளவுச் சில்லுகளாக நறுக்குகிறார்கள். சுழலும் உருளையில் பதித்த கத்திகள் கட்டையைச் சீவித் தள்ளும். கத்தி கூராக இருந்தால் ஒரே அளவுச் சில்லு வரும். மழுங்கினால் நார்நாராகக் கிழிந்த நீளச் சிராயும் தூளும் வரும்; சிராய் புனலில் குறுக்கே மாட்டி வழியை அடைக்கும், தூள் எரியாமலே காற்றோடு பறந்து புகைபோக்கிக்குப் போகும்.

கத்தியை மழுங்க வைப்பதில் மண்ணுக்கு முதலிடம். பொக்லைனால் வேரோடு பிடுங்கிய சீமைக்கருவேலத்தின் தூர்க்கட்டை எடைக்கு நல்லது, கத்திக்கும் கொதிகலனுக்கும் எமன். வேரிடுக்கில் ஒட்டிய களிமண்ணும் மணலும் மரத்தின் பொட்டாசியத்தோடு சேர்ந்து உருகி, தட்டில் கண்ணாடிக் கட்டியாகப் படியும். அதை உடைத்தெடுக்கக் கொதிகலனை நிறுத்த வேண்டும். இரண்டாவது எதிரி காய்ந்த மரமே. பச்சைக் கட்டையைக் கத்தி சுலபமாகச் சீவும். கல்லாக இறுகிய காய்ந்த கருவேலம் எந்திரத்தை உலுக்கி, தூளையும் கூட்டிவிடும். எனவே நறுக்குகிறவருக்குப் பச்சை மரம் பிடிக்கும்.

ஆனால் பச்சையாக நறுக்கியதைக் குவித்து வைத்தால் அதற்குக் காய்ச்சல் வரும். நறுக்கிய சில்லுக்குள் மரத்தின் உயிருள்ள செல்கள் இன்னும் சில நாட்கள் சுவாசிக்கும்; அது முதல் சூடு. பிறகு பாக்டீரியாவும் பூஞ்சையும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று அடுத்த சூட்டைக் கிளப்பும். கட்டையில் இவற்றுக்குக் கிடைக்காத திறந்த பரப்பு சில்லில் ஏராளம். குவியலின் நடு ஒரு வாரம் பத்து நாளில் 60, 70 டிகிரிக்கு ஏறும். அதிகாலையில் மண்வாரி குவியலைப் பிளக்கும்போது, வாய் திறந்த இடத்திலிருந்து ஆவி பொங்கும்; நடுவில் சில்லு பழுப்பேறி ஓரளவு உலர்ந்திருக்கும், உச்சியில் ஓர் அடி கனத்துக்கு நனைந்து வெள்ளைப் பூஞ்சை பூத்துக் கெட்டியாகியிருக்கும். உள்ளே ஆவியான நீர் மேலேறி, குளிர்ந்த தோலில் மீண்டும் நீராகியிருக்கிறது. நீர் இடம்தான் மாறியது, வெளியேறவில்லை. இந்தச் சூட்டுக்கு எரிபொருள் அந்த மரமேதான், மாதத்துக்கு நூற்றில் ஒன்றிலிருந்து நாலு பங்கு வரை மரப்பொருள் இப்படிச் சத்தமில்லாமல் கரையும். பூஞ்சைத் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நெஞ்சு அடைக்கும். மூடிய கிடங்காக இருந்தால் குவியல் ஆக்சிஜனைக் குடித்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதனுள் யாரும் சட்டென்று இறங்கக் கூடாது. குவியல் மிக உயரமாக இருந்து, எந்திரம் மேலேறி மிதித்து இறுக்கியும் இருந்தால், சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிப்பதும் நடக்கிறது.

ஆகவே கட்டையாகக் காய வை, கொதிகலனுக்குப் போகும் வாரத்தில் நறுக்கு என்பதுதான் உலகம் முழுக்க அனுபவப்பட்டவர்கள் வந்து சேர்ந்த வழி. 25, 30 சதவீதம் வரை காய்ந்த கட்டையை நறுக்கினால் கத்தியும் பிழைக்கும், குவியலும் பெரிதாகச் சூடேறாது. அந்த நிலைக்கு வர நம் ஊர்க் கோடையில் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ போதும். சூடான காற்றில் சில்லை உலர்த்தும் எந்திரங்களும் இருக்கின்றன. புகைபோக்கியில் வீணாகும் சூட்டைக் கொடுக்க முடிந்தால் அவற்றுக்கு அர்த்தம் உண்டு. நம் 10 டன் லாரியிலிருந்து இரண்டரை டன் நீரை ஆவியாக்கத் தேவையான சூடு 1,700 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வயல்வரப்பில் கிடக்கும் விறகுக்கு அதை வெயில் இலவசமாகத் தருகிறது.

யார் தலையில் நஷ்டம்

பிறகு ஏன் காய வைப்பதில்லை? 10 மெகாவாட் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரத்தின் சூட்டில் நாலில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது என்று வைத்தால், ஒரு நாளுக்கு அதற்கு 82 கோடி கிலோ கலோரிக்குச் சற்று மேல் வேண்டும். 40 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்கு 2,400 தருகிறது, ஆகவே 343 டன் தேவை. 20 சதவீத ஈரத்தில் கிலோவுக்கு 3,400, அப்போது 243 டன். தினமும் 100 டன், அதாவது பத்து லாரி வித்தியாசம். ஈர எரிபொருளில் கொதிகலனின் திறனும் சரியும் என்பதைச் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தப் பத்து லாரியின் டீசலும் கூலியும் தண்ணீரைச் சுமக்கவே செலவாகின்றன. நிலையத்துக்கு இது தெரியும். ஆனால் டன்னுக்கு ஒரே விலை என்று கொடுத்தால், காய வைத்துக் கொண்டுவரும் வியாபாரி நாலில் ஒரு பங்கு பணத்தை இழக்கிறார். மரத்தை வெட்டக் கொடுத்த கூலி, கண்மாய் ஏலத்துக்குக் கட்டிய பணம் எல்லாம் அவருக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? சமர்த்தர் என்றால் லாரியில் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகத் தெளித்துத்தான் அனுப்புவார்.

பின்லாந்தின் வெப்ப நிலையங்கள் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தன. அங்கே சில்லுக்கு விலை எடையில் இல்லை, அதிலிருக்கும் சூட்டில்; ஒரு மெகாவாட் மணிக்கு இவ்வளவு யூரோ என்று பேச்சு. லாரி எடை போடப்படும், சில்லில் மாதிரி எடுப்பார்கள், 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி ஈரத்தைக் கண்டு, சூட்டைக் கணக்கிட்டுப் பணம் தருவார்கள். காய வைத்தவருக்கு லாரியில் இடம் மிச்சம், பணம் நஷ்டமில்லை. குளிர்நாடுகளுக்கு இன்னொரு வசதியும் வாய்த்திருக்கிறது. புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து, நீர் ஆவியாகும்போது தின்ற சூட்டைத் திரும்பப் பிடித்து, ஊர் வீடுகளைச் சூடாக்கும் குழாய்நீருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மின்சாரம் மட்டும் எடுக்கும் நம் நிலையத்தில் 50 டிகிரி வெந்நீரை யாரிடம் விற்பது? அதனால் அவர்களைவிட நமக்குத்தான் காய்ந்த விறகு அதிகம் தேவை. மாதிரி எடுத்துச் சோதிப்பது இங்கேயும் முடியாத காரியம் அல்ல. உலர்அடுப்பும் தராசும் பள்ளி ஆய்வகச் சாமான்கள்தான். மாதிரியை எங்கே எடுப்பது என்பதில்தான் தகராறு வரும். ஓட்டத்தில் காற்றுப்பட்டுக் காய்ந்த மேல்விறகை மட்டும் எடுத்தால் வாங்குகிறவர் ஏமாறுவார், அடிவிறகை எடுத்தால் விற்கிறவர் சண்டைக்கு வருவார். இறக்கும்போது மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலப்பதே முறை.

அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், அதே சீமைக்கருவேலத்தில், கணக்கு தலைகீழாக ஓடும் ஒரு தொழிலும் இருக்கிறது: கரிமூட்டம். கட்டைகளை நெருக்கி அடுக்கி, தழை போட்டு, மண் பூசி மூடி, உள்ளே தீ வைத்துக் காற்றை அளந்து விடுவார்கள். மூட்டத்தில் முதலில் எழும் கனத்த வெண்புகை பெரும்பாலும் நீராவி. இந்த நீரை விரட்டும் சூட்டை வெளியிலிருந்து யாரும் தருவதில்லை. மூட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் கட்டை எரிந்து தர வேண்டும். கட்டை எவ்வளவு பச்சையோ அவ்வளவு கட்டை சாம்பலாகும், அவ்வளவு கரி குறையும். நீர் தீர்ந்த பிறகு புகை மஞ்சளாகித் தார் வாடை அடிக்கும், கடைசியில் நீலமாக மெலியும்போது துளைகளை அடைப்பார்கள். நாலைந்து டன் கட்டைக்கு ஒரு டன் கரி என்பதே நல்ல மூட்டம், ஈரக் கட்டையில் அதுவும் தேறாது. கரி எடையில் விற்கும், அதில் நீர் அநேகமாகக் கிடையாது. இங்கே காய வைக்காததன் நஷ்டம் வேறு யார் தலையிலும் விழாது, மூட்டம் போட்டவர் தலையில்தான் விழும். அதனால் அனுபவமுள்ளவர் வெட்டிய கட்டையைச் சில வாரம் வெயிலில் போட்டுவிட்டுத்தான் அடுக்கத் தொடங்குகிறார்.